தண்ணீர் எங்கே நிற்கிறது? வீட்டுக் கழிவுநீர் அடைப்பு: அறிகுறி, வழி, செலவு

ஹார்டுவேர் கடையில் ஷட்டரைத் தூக்கிய கையோடு வரும் முதல் ஆள் பெரும்பாலும் அடைப்புக்காரர்தான். "அண்ணே, அடைப்பு பவுடர் ரெண்டு பாக்கெட் குடுங்க." எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: தண்ணீர் எங்கே நிற்கிறது? "பாத்ரூம்ல" என்றால் அது பதில் ஆகாது. பாத்ரூமில் தண்ணீர் தேங்குவதற்கு ஜாலிக்கு (தரையில் தண்ணீர் இறங்கும் துளைத் தட்டு) அரை அடி கீழே சிக்கிய தலைமுடியும் காரணமாக இருக்கலாம், கேட்டுக்கு வெளியே நிரம்பிக் கிடக்கும் தெரு மேன்ஹோலும் காரணமாக இருக்கலாம். முடியைக் கையாலேயே எடுத்துவிடலாம், செலவு கிடையாது. தெரு மேன்ஹோல் என்றால் பவுடர் கொட்டி, ஆசிட் ஊற்றி, பிளம்பருக்கு இரண்டாயிரம் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. ஒரு போன் போட்டால் காசில்லாமல் சரியாகும்.

அதனால்தான் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் சென்னைப் புறநகரில் கைமாறும் தோராயமான தொகை. உங்கள் ஊரில் முன்பின் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் மழை நாளும் எந்த ஊரிலும் கூடுதல்தான்.

முதலில் சேம்பர் மூடி

சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை, டாய்லெட் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ட்ராப், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு, இருக்கும். குளியலறைத் தண்ணீர் பெரும்பாலும் 75 மி.மீ. குழாயிலும், டாய்லெட் 110 மி.மீ. குழாயிலும் ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் சந்து) வழியாகக் கீழே இறங்கும். தரையில் அவை முதல் சேம்பரில் (மூடி போட்ட சின்னத் தொட்டி) விழுந்து, திருப்பத்துக்குத் திருப்பம் இருக்கும் சேம்பர்களைத் தாண்டி, கடைசியில் தெருக் குழாய்க்கோ செப்டிக் டேங்குக்கோ போகும். இந்தப் பாதையில் அடைப்பு எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே இருக்கும் எல்லாமே தேங்கும், கீழே இருப்பதெல்லாம் காலியாக இருக்கும். நோய் கண்டுபிடிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

கடப்பாரையால் மூடியை ஒரு பக்கம் நெம்பி நகர்த்திவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். முகத்தை உள்ளே கொண்டுபோகாமல், டார்ச் அடித்து மேலிருந்தே பாருங்கள். வீட்டுக்குள் ஒருவரை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

சேம்பர் காலியாக இருக்கிறது, ஊற்றிய தண்ணீரும் வந்து சேரவில்லை என்றால் அடைப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் நூல் மாதிரி ஒழுகி வந்தாலும் அதே கதைதான், அடைப்பு பாதி என்று அர்த்தம். சேம்பரே நிரம்பி நின்றால் வீட்டுக்குள் எதையும் தொட வேண்டாம், அடைப்பு வெளியே.

பழைய வீடுகளில் எந்தக் குழாய் எந்தச் சேம்பரில் வந்து விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. வாளித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் கலந்து சிங்க்கில் ஊற்றுங்கள். எந்தச் சேம்பர் மஞ்சளாகிறதோ அதுதான் சமையலறை லைன். பெரிய கட்டடங்களில் சாயம் கரைத்து இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

சமையலறை சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது

குற்றவாளி எண்ணெய். தனியாக வந்தால் அது இவ்வளவு தொல்லை கொடுக்காது. நம் சமையலறையில் இருந்து எண்ணெயோடு சோற்றுக் கஞ்சி, தோசை மாவு, காபித்தூள் சக்கை, தேங்காய்ப் பூ எல்லாம் சேர்ந்துதான் இறங்குகின்றன. எண்ணெய் குழாயின் சுவரில் ஒட்டும், மாவும் தூளும் அந்த எண்ணெயில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது குழாயிலும் உறையும். கொங்குப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் அந்த மாதத்தில் சிங்க் அடைப்பு ஏறுவதைச் சொல்வார்கள்.

சரி, என்ன செய்வது? சிங்க்குக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். பாட்டில் ட்ராப் இருந்தால் அதன் கீழ்க் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் நெளிவுக் குழாய்தான் இருக்கிறது என்றால், மேலே இருக்கும் நட்டைத் தளர்த்தி முழுக் குழாயையும் எடுத்து, வெளிக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். இந்த நெளிவுக் குழாய் மலிவு, சுலபமாக வளையும், அதனால் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு எண்ணெய் தங்கும். ஏழெட்டு வருடம் ஆனதைக் கழுவிக்கொண்டிருப்பதற்குப் புதிது மாட்டுவதே மேல், 80 முதல் 200 ரூபாய்தான். வாஷரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தேங்கினால் அடைப்பு சுவருக்குள் போகும் குழாயில். அங்கே முதல் மருந்து ரப்பர் பம்ப். 100 முதல் 250 ரூபாய். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மற்ற ஓட்டையை ஈரத் துணியால் இறுக்கி அடையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும் காற்று அந்தப் பக்கம் போய்விடும். ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அழுத்துவதை விட இழுப்பதில்தான் வேலை நடக்கும். எல்லோரும் ஓங்கி அழுத்திவிட்டு மெதுவாக எடுக்கிறார்கள். மெதுவாக அழுத்தி வெடுக்கென்று இழுங்கள்.

சுடுதண்ணீர் ஊற்றலாம், கொதிக்கும் தண்ணீர் கூடாது. பி.வி.சி. குழாய் 75, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், ஒட்டிய இணைப்புகளும் நெகிழும். கை பொறுக்காத சூடு, ஆனால் ஆவி பறக்காத சூடு, அந்தப் பதத்தில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து ஊற்றினால் அரைகுறை எண்ணெய் அடைப்பு கரையும். முழுதாக அடைத்துத் தண்ணீர் நிற்கும் குழாயில் இது பலிக்காது. ஊற்றிய சூடு அடைப்பைத் தொடுவதற்குள் ஆறிவிடும்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் உப்புத் தண்ணீரும் கரியமில வாயுவும்தான் மிஞ்சுகின்றன. எண்ணெய்க் கட்டிக்கு இதனால் ஒரு கேடும் இல்லை.

இப்போது நான் விற்கும் பவுடரைப் பற்றி. அதில் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடாகும், எண்ணெயைச் சோப்பாக மாற்றும். சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் கலந்திருக்கும், அவை கூடுதல் சூட்டையும் ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும். மெதுவாக இறங்கும் குழாயில், பாக்கெட்டில் போட்ட அளவுக்கு, அதில் சொன்ன நேரம் வரை விட்டுவைத்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டால் பலன் உண்டு. சுத்தமாக அடைத்த குழாயில் மூன்று பாக்கெட்டைக் கொட்டினால் அது ட்ராப்பின் வளைவில் குவிந்து, கரையாமல், சிமென்ட் போல இறுகி உட்கார்ந்துவிடும். அப்புறம் பம்பும் ஏறாது, குழாய்க்குள் விட்டுச் சுற்றும் கம்பிச் சுருளான ஸ்பிரிங்கும் ஏறாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பவுடர் போட்ட தண்ணீரில் பம்ப் அடிக்கவே கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிளம்பரைக் கூப்பிட்டால் உள்ளே பவுடர் கிடக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வெறுங்கையை உள்ளே விடுவார்.

பம்புக்கும் மசியாததற்குக் கை ஸ்பிரிங். 5 மீட்டர் நீளம், 400 முதல் 900 ரூபாய். ட்ராப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர்க் குழாயிலேயே விடுங்கள். முட்டும் இடத்தில் தள்ளாதீர்கள், கைப்பிடியை ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். தள்ளினால் குழாய்க்குள்ளேயே மடிந்து முறுக்கிக்கொள்ளும். பிளம்பர் வந்து இதையே செய்தால் 400 முதல் 800 வரை கேட்பார், நியாயமான கூலிதான்.

குளியலறையில் குளித்து முடிப்பதற்குள் கணுக்கால் வரை தண்ணீர்

ஜாலியைத் தூக்குங்கள். கீழே இருப்பது நானி ட்ராப், குளியலறைத் தரையின் ட்ராப். பல வீடுகளில் அதற்குள் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி இருக்கும், கரப்பான் வராமல் தடுக்கவும் நாற்றத்தை மறிக்கவும் வைத்தது. அதையும் எடுங்கள். பழைய துணியைக் கையில் சுற்றியோ கையுறை போட்டோ உள்ளே விரலை விட்டுச் சுற்றினால் வழவழவென்று ஒரு முனை தட்டுப்படும். பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். சாம்பல் பூத்த கறுப்பில், எண்ணெய்ப் பிசுக்கோடு, முழ நீளத்துக்குக் கயிறாக வரும். தலைமுடிதான். ஆனால் முடி மட்டும் இருந்தால் இவ்வளவு கெட்டிப்படாது. நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் அதோடு சேர்ந்து கம்பளி மாதிரி இறுகியிருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் விடாத வீடுகளில் சனிக்கிழமை தாண்டினால் ஞாயிறு காலை அடைப்பு. அறுந்து பாதி உள்ளே போய்விட்டால், ஜி.ஐ. கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துத் துழாவுங்கள்.

இதற்குப் பவுடர் வேண்டியதில்லை. குளித்து முடித்ததும் ஜாலி மேல் கிடக்கும் முடியை எடுத்துக் குப்பையில் போட்டாலே வருடம் முழுவதும் ஓடும். 30 ரூபாய்க்கு நெருக்கமான துளை போட்ட ஸ்டீல் தட்டு கிடைக்கிறது, அதை ஜாலியின் மேல் வைத்துவிடுங்கள்.

முடி எல்லாம் எடுத்தும் தேங்குகிறது என்றால் வாஷிங் மெஷின் ஓஸ் எங்கே விழுகிறது என்று பாருங்கள். துணிப் பஞ்சும் சோப்பு மண்டியும் ட்ராப்பைத் தாண்டி குழாயின் முதல் வளைவில் தங்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அதன் மேல் வெள்ளைப் படிமம் வேறு கட்டும். அங்கே கை ஸ்பிரிங்தான் வழி.

ஆசிட் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். டாய்லெட் கழுவும் நீலத் திரவத்திலும் சில்லறை ஆசிட் பாட்டிலிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதை ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்று பலிக்கவில்லை என்று அடுத்ததை அதன் மேலேயே ஊற்றும் பழக்கம்தான் வீட்டுக்குள் நடக்கும் அடைப்பு விபத்துகளுக்கு வேர். காஸ்டிக் கிடக்கும் இடத்தில் ஆசிட் ஊற்றினாலும் கொதித்து மேலே சீறும்.

டாய்லெட்டில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, பிறகு மெல்ல இறங்குகிறது

இரண்டாவது முறை ஃப்ளஷ் பண்ணாதீர்கள். ஃப்ளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். தண்ணீர் தானாக இறங்கட்டும்.

வாஷ்பேசினும் குளியலறைத் தரையும் நன்றாக ஓடுகின்றன, டாய்லெட் மட்டும்தான் தகராறு என்றால் பெரும்பாலும் பீங்கானுக்குள் இருக்கும் வளைவில்தான் ஏதோ மாட்டியிருக்கிறது. நாப்கின், குழந்தை டயபர், ஈரத் துடைப்புத் தாள், அசந்த நேரத்தில் விழுந்த சோப்பு, பிளாஸ்டிக் மூடி. துடைப்புத் தாள் உறையில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்றே போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அது காகிதம் மாதிரி தண்ணீரில் பிரியாது.

சிங்க்குக்கு வாங்கிய தட்டையான பம்ப் இங்கே உதவாது. கீழே இன்னொரு உதடு நீட்டிய டாய்லெட் பம்ப் தனியாக இருக்கிறது, 200 முதல் 400 ரூபாய். ஓட்டையில் பொருத்திப் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். அடுத்து, இடுப்பு உயரத்தில் இருந்து ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், ஃப்ளஷ் டேங்க் கொடுப்பதை விட வேகம் அதிகம். நேராக்கிய கம்பியை விட்டுக் குத்துபவர்கள் பீங்கானில் கறுப்புக் கீறல் போட்டுவிடுவார்கள், அது போகவே போகாது. நுனியில் துணி சுற்றியோ, ரப்பர் உறை போட்ட டாய்லெட் ஸ்பிரிங் வாங்கியோ செய்யுங்கள்.

உள்ளே கெட்டிப் பொருள் விழுந்தது உறுதி என்றால் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். தள்ளினால் அது கீழே எல்போ வளைவில் போய் உட்காரும். க்ளோசெட்டைக் கழற்றி அடியில் இருந்து எடுப்பதே சரி. கழற்றி, எடுத்து, மறுபடி பொருத்தி ஒயிட் சிமென்ட் பூச 1,200 முதல் 2,500 ரூபாய். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழைய பீங்கான் சிமென்ட்டோடு சேர்ந்து விரிசல் விடுவது சகஜம், பிளம்பர் மேல் எப்போதும் குற்றம் இல்லை.

இந்தியன் க்ளோசெட்டில் ட்ராப் தரைக்குள் புதைந்திருக்கும், கழற்றுவது நடக்காத காரியம். டாய்லெட் பம்பும் ஸ்பிரிங்கும்தான். அதற்கும் அசையவில்லை என்றால் ஷாஃப்ட் பக்கம் போய், வெளிக் குழாயில் டோர் பெண்ட், அதாவது கழற்றும் மூடி வைத்த வளைவு, இருக்கிறதா பாருங்கள். நான்கு போல்ட்டைக் கழற்றினால் கதவு திறந்துவிடும். கழற்றுபவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், உள்ளே நிற்பதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

தண்ணீர் போகிறது, ஆனால் குடகுடவென்று சத்தம், நாற்றம்

இது அடைப்பே இல்லாமலும் இருக்கலாம். ட்ராப்பில் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், நாற்றத்தைத் தடுப்பது அதுதான். ஊருக்குப் போய்விட்டு வந்த வீடு, யாரும் புழங்காத விருந்தினர் குளியலறை, இங்கெல்லாம் அது வற்றிவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஒரு ஸ்பூன் எண்ணெய் மேலே விட்டால் சீக்கிரம் ஆவியாகாது.

புழங்கும் குளியலறையில் சத்தமும் நாற்றமும் சேர்ந்து வந்தால் மொட்டை மாடிக்குப் போய், கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் வென்ட் பைப்பின் தலையைப் பாருங்கள். குருவிக் கூடு, குளவிக் கூடு, இல்லை வெயில் தாங்காமல் உடைந்து உள்ளே விழுந்த கௌல் (அந்தக் குழாயின் தலை மூடி). காற்று உள்ளே வராவிட்டால் இறங்கும் தண்ணீர் பக்கத்து ட்ராப்பின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும், அந்தச் சத்தம்தான் குடகுட. புதுக் கௌல் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மாடியில் குளித்தால் தரைத்தளத்தில் பொங்குகிறது

இந்த அறிகுறியில்தான் பணம் அதிகம் வீணாகிறது. தரைத்தளத்துக்காரர் தன் குளியலறையில் அடைப்பு என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிடுவார். பிளம்பரும் நானி ட்ராப்பை நோண்டி, டைல்ஸை உடைக்கலாமா என்று கேட்பார். அடைப்பு அந்த வீட்டில் இல்லை. மூன்று மாடித் தண்ணீரும் சேரும் லைனில், கட்டடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் மேலே ஏற வழி தேடும்போது மிகத் தாழ்வான ஓட்டை தரைத்தளத்து நானி ட்ராப், அவ்வளவுதான்.

முதல் வேலை, மாடியில் எல்லோரையும் தண்ணீர் விடாமல் நிறுத்தச் சொல்வது. ஓவர்ஹெட் டேங்க் வால்வையே மூடினால் வாக்குவாதம் மிச்சம். பிறகு வீட்டுப் பக்கமிருந்து தெருவை நோக்கி ஒவ்வொரு சேம்பராகத் திறந்துகொண்டு போங்கள். முதலாவது நிரம்பியிருக்கிறது, இரண்டாவதும் நிரம்பியிருக்கிறது, மூன்றாவது காலி என்றால் அடைப்பு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். காலியாக இருக்கும் சேம்பரில் இருந்து மேல்நோக்கித்தான் ஸ்பிரிங்கோ மூங்கில் பிளாச்சோ விட வேண்டும். அழுக்குத் தண்ணீரில் துழாவும் வேலை இல்லை, அடைப்பு விட்டதும் தண்ணீரே தள்ளிக்கொண்டு வரும். நிரம்பிய பக்கத்திலிருந்து குத்தினால் கட்டியைக் குழாய்க்குள் இன்னும் இறுக்குகிறீர்கள்.

அங்கே என்ன இருக்கும்? பெரும்பாலும் நாப்கினும் எண்ணெய்க் கட்டியும் சேர்ந்த பந்து. வீட்டில் வேலை நடந்து முடிந்த புதிது என்றால் சிமென்ட், டைல்ஸ் துண்டு, மணல். மேஸ்திரி ஆட்கள் கலவைச் சட்டியைக் குளியலறையில் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். இறுகிய சிமென்ட்டுக்குத் தண்ணீரை அழுத்திப் பீய்ச்சும் ஜெட்டும் இல்லை, மருந்தும் இல்லை, அந்தத் துண்டுக் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

1990க்கு முன் கட்டிய வீடுகளில் இன்னொரு ஆள் இருக்கிறது, வேர். அப்போது பூமிக்குள் போட்டது பெரும்பாலும் ஸ்டோன்வேர் (சுட்ட மண்) குழாய், இரண்டிரண்டு அடித் துண்டு, இணைப்புக்கு இணைப்பு சிமென்ட் பூச்சு. அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் அரச மரமோ வேம்போ ஈரத்தை மோப்பம் பிடித்து உள்ளே வேர் விடும். ஸ்பிரிங்கின் நுனியில் பழுப்பு நிற நார்க்கற்றை வந்தால் தென்னையோ வேறெதுவோ குழாய்க்குள் குடிவந்துவிட்டது என்று பொருள். எடுத்தால் அடுத்த மழைக் காலத்துக்குள் மறுபடி வரும். வருடா வருடம் எடுக்கும் கூலியைக் கூட்டிப் பார்த்தால், அந்த இடத்தை மட்டும் தோண்டி 110 மி.மீ. பி.வி.சி. போடுவதே லாபம். போடும்போது சரிவைக் கவனியுங்கள், 10 அடிக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். மட்டமாகப் போட்ட குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அடைக்கும்.

செலவுக்கு வருவோம். பிளாச்சும் கை ஸ்பிரிங்குமாக இரண்டு ஆட்கள் வந்து எடுத்தால் 800 முதல் 2,000. மோட்டார் ஸ்பிரிங் மெஷின் 1,500 முதல் 3,500. பைக்கின் பின்னாலோ சின்ன வண்டியிலோ வரும் உயர் அழுத்த ஜெட் 3,000 முதல் 7,000, லைனின் நீளத்தைப் பொறுத்தது. ஜெட் அடைப்பைத் துளைப்பதோடு சுவரையும் கழுவிவிடும், எண்ணெய்ப் படிமத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விரிசல் விட்ட ஸ்டோன்வேரில் அந்த அழுத்தம் இருக்கும் ஓட்டையைப் பெரிதாக்கும். ஆறு மாதத்தில் ஒரே இடம் திரும்ப அடைத்தால் அடுத்த முறை எடுக்கும் முன் கேமரா விட்டுப் பாருங்கள். அதற்கு 2,000 முதல் 5,000 ஆனாலும், எங்கே தோண்டுவது என்று தெரிந்துவிடும். முற்றம் முழுவதும் சிமென்ட்டை உடைப்பதைவிட அது மலிவு.

அடுக்குமாடி என்றால் இந்தச் செலவு எல்லா வீட்டுக்கும் பொது. தரைத்தளத்துக்காரர் மட்டும் கொடுக்க வேண்டும் என்று மாடிக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொங்குவது அவர் வீட்டில், அடைத்தது எல்லோருடையதும்.

வேலை ஆரம்பிக்கும் முன் பேச வேண்டியவை: அடைப்பு எடுபடாவிட்டால் கூலி எவ்வளவு, அள்ளிய சேறு எங்கே போகும், சேம்பர் மூடியைத் திரும்பப் பூசித் தருவார்களா. பணம் கொடுக்கும் முன் எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் பண்ணச் சொல்லிக் கடைசிச் சேம்பரில் நின்று பாருங்கள். ஒரு சொம்பு ஊற்றி "ஓடுது பாருங்க சார்" என்பது சோதனை ஆகாது.

எல்லாச் சேம்பரும் நிரம்பி, தெரு மேன்ஹோலும் ததும்புகிறது

இனி இது உங்கள் வேலை இல்லை. சென்னையில் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம். தெருக் குழாயைச் சுத்தம் செய்வதற்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, வரியில் கட்டிவிட்டீர்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நான்கைந்து வீடுகள் தனித்தனியாகப் புகார் செய்தால் வண்டி சீக்கிரம் வரும். தனியார் ஆளை வைத்து மேன்ஹோலைத் திறக்காதீர்கள். உங்கள் கடைசிச் சேம்பர் வரைதான் உங்கள் பொறுப்பும் உரிமையும்.

ஐப்பசி, கார்த்திகையில் இது எதற்கு அதிகம்? பல வீடுகளில் மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரிலேயே இறக்கியிருக்கிறார்கள். கழிவுநீர்க் குழாய் அந்த வெள்ளத்துக்குப் போடப்பட்டதல்ல. தெரு நிரம்பியதும் தாழ்வான வீட்டுக்குள் திரும்பி வருகிறது. மழைநீரைப் பிரித்து சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். தெருவைவிடத் தரை தாழ்ந்த வீடு என்றால் கடைசிச் சேம்பரில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு போடலாம். குழாயின் அளவைப் பொறுத்து மாட்டும் கூலியோடு சில ஆயிரம் ஆகும். ஒன்று ஞாபகம் வேண்டும்: வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, அந்த நேரத்தில் வீட்டிலும் சிக்கனமாகத்தான் புழங்க வேண்டும்.

செப்டிக் டேங்க் வீடு, எல்லாமே மெதுவாக ஓடுகிறது

டேங்க்கில் சேறு கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பத்து வருடமாக நிரம்பவே இல்லை என்று பெருமைப்படுபவர்களின் டேங்க்கில் பெரும்பாலும் அடித்தளம் இருக்காது, அல்லது வழிவது நேரே மழைநீர் வடிகாலுக்குப் போகும்.

சேற்றை உறிஞ்சும் லாரிக்குக் கொள்ளளவையும் தூரத்தையும் பொறுத்து 1,500 முதல் 4,000 ரூபாய். உள்ளாட்சியில் உரிமம் வாங்கிய வண்டிதானா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியதை ஏரியில் விட்டுவிட்டுப் போகும் வண்டிகளும் உண்டு. 14420 என்ற எண்ணிலும் இதற்காக அழைக்கலாம்.

எடுத்த ஒரே வாரத்தில் மறுபடி நிரம்பி வீட்டில் தேங்கினால் குறை டேங்க்கில் இல்லை. ஒன்று, தண்ணீரை உறிஞ்ச வேண்டிய உறைகிணறு சேறு படிந்து அடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் மழைக் காலத்தில் நிலத்தடி நீர் ஏறி உள்ளே ஊறுகிறது. இரண்டாவது என்றால் லாரிக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுப்பது நிலத்தடி நீரை விலைக்கு வாங்குவதுதான், மழை விடும் வரை காத்திருக்க வேண்டும். இலேசான பிளாஸ்டிக் டேங்க்கை அந்த நாளில் முழுதாகக் காலி செய்தால் மண்ணுக்குள்ளிருந்து மிதந்து மேலே கிளம்பிவிடும்.

டேங்க்கிலோ மேன்ஹோலிலோ ஆளை இறக்காதீர்கள். அடியில் சேறு கெட்டியாக இருக்கிறது, ஒரு ஆள் இறங்கினால் ஐந்து நிமிட வேலை, 500 ரூபாய் கூடக் கொடுங்கள் என்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றமே இல்லை என்று இறங்கியவர் சில மூச்சுகளில் சாய்வார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சாய்வார், இந்தச் சாவுகள் ஜோடி ஜோடியாக நடப்பது அதனால்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், இறக்கச் சொன்னது வீட்டுக்காரரே ஆனாலும், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்ச் சாவுக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. சேறு கெட்டியாக இருந்தால் லாரிக்காரரையே மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிவிட்டு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். இன்னும் ஒரு நடைக்குக் காசு கேட்பார், கொடுங்கள். வண்டி கிளம்பும் முன் மூடியின் விளிம்பைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டாரா என்று நின்று பார்த்து, எடுத்த தேதியைக் காயும் முன் அந்தச் சிமென்ட்டிலேயே ஆணியால் கீறி வையுங்கள்.